எண்ணெய் படாத கடல்

என்னை வளர்த்த அக்காவுக்கு,

உங்களுடைய முப்பத்தோராம் நாள் காரியம் குறையில்லாமல் முடிந்தது. நம்முடைய சல்லி ஊரில் அரைவாசிச் சனம் வந்தது. சாப்பாடு எல்லாருக்கும் காணும் என்கிற அளவுக்கு இருந்தது, யோசிக்கவேண்டாம். ஆனால் அதைச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. உங்களோடு எனக்கு ஒரு கோபம் இருக்கிறது.

நகர மண்டபத்து மேல்மாடியில் நம்முடைய பக்கத்துக் கலைஞர்களின் படங்களை வைக்கத் தொடங்கிய முதல் வருஷம் நினைவிருக்கிறதா? உங்கள் படத்தையும் எடுத்தார்கள். தேயிலைப் பெட்டிப் பலகையில் நீங்கள் கீறிய படம், கடற்கரையில் பாய் விரித்துக் கருவாடு காயப்போடும் ஐந்து பெண்கள். சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தீர்கள்.

அது மாரி தொடங்குகிற காலம். பலகை ஈரம் குடித்து ஊதிவிடுமே என்று எனக்குக் கவலை. மீன்பிடி வள்ளத்துக்கு வருஷா வருஷம் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். பழந்துணியைச் சுறா எண்ணெயில் தோய்த்து, முன்னும் பின்னும் இரண்டு தரம் பூசினேன். படம் மினுங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

திறப்பு நாளன்று போய்ப் பார்த்தால், உங்கள் நீலக் கடல் மண்ணிறமாகிக் கிடந்தது. மணம் தாங்காமல் படத்தைத் துறைமுகம் பார்த்த யன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள்.

"ஆர் இந்த வேலை பார்த்தது?"

கேட்டவர் மண்டபத்துக்குப் பொறுப்பான கபூர் நானா. கிண்ணியா ஊர் மனிதர், பெரிய குரல். சனம் திரும்பிப் பார்த்தது. நான் வாய் திறக்கமுதல் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நான்தான் பூசினனான். இது எங்கட ஊர் முறை."

நானா தலையாட்டிவிட்டு, படத்துக்குக் கீழே 'பெயின்ற், சுறா எண்ணெய்' என்று எழுதி ஒட்டினார். நானும் நம்பிவிட்டேன், அக்கா. உங்களுக்கு அது பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அதுதான் பெரிய வெட்கம்.

அடுத்த வருஷமும் அதே மாதிரிப் படம் கேட்டார்கள். "ஒரு போத்தல் எண்ணெய் கொண்டு வாடா தம்பி" என்றீர்கள். பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே கதைதான். குசினி அடுப்படிக்குப் பின்னால், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பூசுவீர்கள். ஏன் என்று கேட்டால், "தடிமன்டா, மூக்கு ஒழுகுது" என்பீர்கள். வருஷா வருஷம் எண்ணெய் பூசுகிற நாளில் மட்டும் ஒரு ஆளுக்குத் தடிமன் வருமா? எனக்கு மூளை என்று ஒன்று இருந்ததா? 'என்ர எண்ணெயாலதான் அக்காட படம் நிக்குது' என்று வலை இழுக்கிறவர்களிடமெல்லாம் அளந்து திரிந்தேன்.

போன கிழமை, உங்கள் சேலைகளை எடுத்துக் கொடுப்பதற்காக அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில், பழைய படுக்கைவிரிப்பில் சுற்றி ஒரு பலகை. அதே ஐந்து பெண்கள், அதே பாய்கள். ஆனால் கடல் நீலமாக இருந்தது. விடிந்த கையோடு வள்ளம் தள்ளும்போது நாங்கள் பார்க்கிற அதே நீலம். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நான் கெடுத்த படத்தைத் திரும்பக் கீறி, என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. 'மடையா, கெடுத்துப்போட்டியே' என்று ஒரு ஏச்சு ஏசியிருக்கக்கூடாதா? என் முகம் வாடக்கூடாது என்பதற்காக எத்தனை கடலைக் கெடுத்தீர்கள்?

நீலப் படத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். உங்களுக்கென்று அங்கே ஒரு சுவரை ஒதுக்கி, நான் கெடுத்த அந்த முதல் படத்தையும் மாட்டியிருக்கிறார்கள். கபூர் நானாவின் தாடி இப்போது முழுக்க வெள்ளை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"வடிவுதான். ஆனா இது அவங்கட படமெண்டு ஆரும் நம்பமாட்டாங்க. கொஞ்சம் எண்ணெய் பூசிக் கொண்டு வாங்க தம்பி."

"ஏலாது நானா."

"ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். நானா பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்டைக்கு நான் சத்தம் போட்டதாலதானே அந்தப் புள்ள அப்பிடிச் சொன்னது" என்றார். பிறகு, "இதை எழுதித் தாங்க. ரெண்டு படத்துக்கும் நடுவில ஒட்டுவம்."

எனக்குப் பயம்தான், அக்கா. மண்ணிறக் கடல் கீறுகிற பெண் என்றுதான் ஊர் உங்களை அறியும். உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் போய்விடுமோ? ஆனால் சொல்லாமல் விட்டால், உங்கள் நீலம் திரும்பவும் அலுமாரிக்குத்தான் போகவேண்டும். அதனால் எழுதுகிறேன். இங்கே நின்று வாசிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும்: இடது பக்கத்துக் கடலைக் கெடுத்தவன் நான். வலது பக்கத்துக் கடல்தான் அக்காவுடையது.

இனி எண்ணெய் வள்ளத்துக்கு மட்டும். இது சத்தியம். இன்றைக்குப் படத்தைத் தூக்கமுதல் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினேன். வள்ளத்து எண்ணெய் மணம் போகவில்லை. அதனால் மாட்டும்போது விளிம்பை மட்டும்தான் பிடித்தேன்.

இப்படிக்கு,
நீங்கள் காட்டிக்கொடுக்காத தம்பி