காந்திமதிக்கு வளைகாப்பு

14 அக்டோபர் 1999, வியாழன்

இன்று கடையில் ஒரு டப்பா பீன்ஸ் வாங்க இருபது நிமிஷம் ஆனது. பன்றிக் கொழுப்பு சேர்க்காத டப்பா எது என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். இவர் தள்ளுவண்டியில் சாய்ந்து நின்று, "பரீட்சைக்கு இப்படிப் படிச்சிருந்தா நீ கலெக்டராயிருப்பே கலா" என்றார். சொல்லட்டும். இந்த நாட்டுக்கு வந்த பதினோரு வருஷத்தில் தெரியாமல்கூட மாமிசம் என் வீட்டுக்குள் வந்ததில்லை. எந்தச் சீஸில் கன்றுக்குட்டியின் குடல் சங்கதி இருக்கிறது, எந்த மிட்டாயில் எலும்புச் சாறு இருக்கிறது என்று பக்கத்து வீட்டு சண்முகப்ரியாவுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். கோயம்புத்தூர்ப் பெண். கல்யாணமாகி டெக்ஸஸில் இந்த ஃபிரிஸ்கோவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

17 அக்டோபர், ஞாயிறு

மனசு ஒரு நிலையில் இல்லை. எழுதினால் நிற்குமா பார்க்கலாம்.

காலைப் பேப்பரில் டார்லீன் என்று ஒருத்தியைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். இங்கே பக்கத்து ஊர் செலைனாவில் குதிரை வளர்க்கிறவள். வடக்கே கனடா எல்லையை ஒட்டிய பண்ணைகளில் சினைக் குதிரைகளை மாதக்கணக்கில் குறுகலான கொட்டிலில் கட்டிவைத்து மூத்திரம் பிடிக்கிறார்களாம். பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரை அதிலிருந்து வருகிறது. கால் ஓய்ந்துபோன குதிரைகளை வயிற்றில் குட்டியோடே ஏலத்தில் தள்ளிவிடுகிறார்கள். எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கறிக்கு எடுக்கிறார்கள். அப்படிப் போக இருந்த ஐந்து குதிரைகளை டார்லீன் மீட்டு வந்திருக்கிறாள்.

படித்து முடித்ததும் குளியலறை அலமாரியைத் திறந்தேன். கர்ப்பப்பை எடுத்ததிலிருந்து நாலு வருஷமாகத் தினமும் பல் விளக்கியதும் போட்டுக்கொள்கிற மாத்திரை. உள்ளே மடித்து வைத்த சீட்டை முதல் தடவையாக விரித்துப் படித்தேன். இருக்கிறது. சினைக் குதிரை மூத்திரம் என்பதை ஒளித்துக்கூட வைக்கவில்லை, சொல்லித்தான் இருக்கிறார்கள்.

பீன்ஸ் டப்பாவைப் படித்தவள் இதை ஏன் படிக்கவில்லை? டாக்டர் கொடுத்தது, சாப்பாட்டில் சேராது என்று நினைத்தேனா? வாய் வழியாகத்தானே போகிறது?

"தெரியாமச் செஞ்சதுக்குப் பாவம் கிடையாது" என்கிறார் இவர். தெரிந்துகொள்ள முயற்சியே பண்ணாததுக்கு என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார்.

19 அக்டோபர்

டாக்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். செடியிலிருந்து எடுத்த வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவ்வளவு சுலபமா? நாலு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

6 நவம்பர், சனி

டார்லீன் பண்ணைக்குப் போய்விட்டேன். டேகேரில் வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை குதிரையிடம் போகிறவளை என்னவென்று சொல்வது? ஆஸ்டினில் படிக்கிற என் பையன் கதிர் ஃபோனில், "அம்மா, யூ ஆர் ஃபார்ட்டி எய்ட், நாட் எய்ட்" என்று சொன்னான்.

டார்லீனுக்கு அறுபது இருக்கும். ஒல்லி, வெயிலில் வெந்த முகம். குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள். ஒன்றும் தெரியாது என்றேன். மாத்திரைக் கதையைச் சொன்னேன். முழுசும் கேட்டாள். பிறகு கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, லத்தி அள்ளச் சொன்னாள்.

கடைசிக் கொட்டிலில் நிற்பவள் மண் நிறம், நெற்றியில் வெள்ளை, யானைக்குப் பாதி இருக்கிறாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. தொடையில் ஏலத்தில் நாற்பத்தொன்று என்று ஒட்டிய காகிதம் இன்னும் உரியவில்லை. நான் கிட்டே போனதும் சுவரோடு ஒதுங்கி நின்றாள். மனுஷி என்றால் கட்டிப்போடுகிறவள் என்று அவளுக்குத் தெரியும். நான் கட்டிப்போடவில்லை. ஆனால் எனக்காகத்தான் கட்டிப்போட்டார்கள்.

வெந்நீரில் துணி நனைத்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். காந்திமதி என்று பெயர் வைத்தேன். திருநெல்வேலிக்காரிக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? டார்லீன் வாயில் அது "காந்தி" என்று நின்றுவிட்டது.

12 பிப்ரவரி 2000, சனி

இர்விங்கில் இருக்கிற இந்தியக் கடையில் கொள்ளு வாங்கி, ஊறவைத்து வேகவைத்துக் கொண்டுபோனேன். குதிரைக்குக் கொள்ளு என்று நமக்குத் தெரிந்தது டெக்ஸஸ்காரர்களுக்குத் தெரியவில்லை. டார்லீன் முகர்ந்து பார்த்து, கால்நடை டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு, ஒரு கை மட்டும் என்றாள். காந்திமதி என் உள்ளங்கையை வழித்து நக்கினாள். முதல் முறையாகச் சுவரை விட்டு அவளாக வந்தாள்.

மிச்சத்தை ரசம் வைத்துவிட்டேன். அவளும் நாங்களும் இன்று ஒரே சாப்பாடு.

11 மார்ச்

காந்திமதியின் விலாவில் கை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு உதை. பழைய மாத்திரையை விட்டுப் புதியது வேலை செய்கிற வரைக்கும் நாலைந்து நாள் உடம்பு எப்படிக் கொதித்தது என்று நினைத்துப் பார்த்தேன். இவளைப் போன்றவர்களின் தயவில்தான் நாலு வருஷம் தூங்கியிருக்கிறேன். நன்றி என்று காதில் சொன்னேன். தமிழில்தான்.

29 ஏப்ரல்

ப்ரியாவின் அம்மாவுக்கு இரண்டாம் தடவையும் விசா கொடுக்கவில்லை. ஏழாம் மாதம், பிறந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் வர முடியாது. வளைகாப்பை நான் செய்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், "ஆன்ட்டி, காந்திமதிக்கும் சேத்திப் போட்டுடலாங்களா? தனியா உக்கார ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

டார்லீனிடம் கேட்டேன். சோறு உண்டா என்று மட்டும் கேட்டாள்.

6 மே, சனி

நான் செய்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே மனசு சமாதானம் தேட ஆரம்பிக்கும்.

டார்லீன் பண்ணையில் வைத்து ப்ரியாவுக்குக் கண்ணாடி வளையல் போட்டோம். காந்திமதிக்குக் கண்ணாடி உடைந்தால் காலில் குத்தும் என்று பிளாஸ்டிக் வளையலைக் கயிற்றில் கோத்துக் கட்டினேன். அவ்வளவு யோசித்தவள்தான். நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்துக்கு மாலை. எங்கள் வீட்டுச் செவ்வரளி, இவர் வைத்து வளர்த்து ஒன்பது வருஷமாகப் பூஜைக்குப் பறிக்கிற செடி. அழகுக்கு நடுநடுவே இலை வைத்துக் கட்டினேன்.

முடிந்ததும் மாலையைக் கழற்றினேன். மாலையைத் தரையில் போடக் கூடாது, கால் படக் கூடாது. அதனால் கொட்டில் கதவில் மாட்டிவிட்டு, மரத்தடியில் எலுமிச்சை சாதம் பரிமாற வந்துவிட்டேன்.

டார்லீன் இரண்டாம் தடவையும் சாதம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, குதிரையை ஒரு எட்டுப் பார்த்து வருகிறேன் என்று போனாள். பாதி மாலையோடு திரும்பி வந்தாள். இது என்ன பூ என்று கேட்டாள். அரளி என்றேன். அவள் இலையைக் கசக்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

அரளி விதை விஷம் என்று தெரியாத திருநெல்வேலிக்காரி உண்டா? தெரியும். தெரிஞ்சே கட்டியிருக்கேன். சாமிக்குப் போடுறது, அது எப்படி விஷமாகும்னு இருந்துட்டேன். விதை வேற, பூ வேறன்னு நெனச்சேனா — ஒண்ணுமே நெனைக்கலை. அதுதான் நிஜம். இலையும் பூவும் எல்லாமே விஷமாம். குதிரைக்கு ஒரு கைப்பிடி இலை போதுமாம்.

டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கரியைக் கரைத்து ஊற்றினார். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்றார். இரண்டு நாள் தாண்டினால் பார்க்கலாம், குட்டியைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

டார்லீன் திட்டவில்லை. "கோ ஹோம், கேலா" என்றாள். அவ்வளவுதான்.

ஏலத்திலிருந்து தப்பித்தவளை நான் வந்து கொன்றேனா?

7 மே

ஃபோன் வரவில்லை.

மத்தியானம் பின்பக்கம் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரளியை வேரோடு தோண்டிக்கொண்டிருந்தார். செடி அவர் உயரம். பூஜைக்கு ஒன்பது வருஷம் பூக் கொடுத்த செடி. நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அது பொழச்சுக்கிடும் கலா. நீ போய்ச் சாப்பிடு" என்றார்.

இலை ஒன்று விடாமல் பொறுக்கி மூட்டை கட்டினோம். இந்த மனுஷரைக் கொடுத்ததற்கு நான் சாமியிடம் நன்றி சொன்னதே இல்லை. இன்று சொன்னேன், பூ இல்லாமல்.

8 மே

ஃபோன் வரவில்லை. நான் பண்ணவும் தைரியமில்லை. ப்ரியா இரண்டு தடவை வந்து, தான் கேட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று அழுதாள். மாலை கட்டியது நீயில்லை என்றேன்.

10 மே, புதன்

டேகேரில் இருந்தபோது ஃபோன். இதயத் துடிப்பு சீராகிவிட்டது, தண்ணீர் குடித்தாள் என்றாள் டார்லீன். குட்டி? நாலு நாளாக அசைவே இல்லை என்றாள்.

வரட்டுமா என்று கேட்கவில்லை. அவளும் வா என்று சொல்லவில்லை.

13 மே, சனி

கூப்பிடாமலே போனேன். வாசல் கேட்டில் புதுப் பலகை. பெயிண்டில் பெரிய எழுத்தில், பூ கொண்டு வராதே. அதைப் பார்த்து அழுவதா சிரிப்பதா தெரியாமல் வெளியே நின்றேன். டார்லீன் வந்தாள். கையில் எதுவும் இல்லை என்று விரித்துக் காட்டினேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காந்திமதியின் விலாவில் என் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். நெடுநேரம் ஒன்றும் இல்லை. காந்திமதி திரும்பி என் தோளை முகர்ந்தாள், கொள்ளு எங்கே என்று கேட்கிற மாதிரி.

அப்புறம் ஒரு உதை. பலமில்லாத உதை, ஆனாலும் உதை. காலையில்தான் ஆரம்பித்தது என்றாள் டார்லீன். 

கிளம்பும்போது குதிரைக்கு ஆகாத செடிகளின் பட்டியல் ஒன்று கொடுத்தாள். மூன்று பக்கம். வீட்டுக்கு வந்து சத்தமாக இரண்டு தடவை படித்தேன். இனிமேல் எதைக் கொண்டுபோனாலும் கேட்டில் நின்று அவளிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவது.

3 ஜூன், சனி

பெண்குட்டி!

புதன்கிழமையிலிருந்து மடிக்காம்பில் மெழுகு கட்டியிருந்தது, குட்டி போடப்போகிற அடையாளம். டார்லீன் மூன்று ராத்திரி வைக்கோல் கட்டின் மேல் விழித்திருந்தாள். காந்திமதி குட்டி போடுகிற மாதிரியே இல்லை. காலை ஒன்பது மணிக்கு நான் போய், நீ குளித்துவிட்டு வா என்று அவளை அனுப்பினேன். அவள் போய்ப் பத்து நிமிஷம் ஆகவில்லை, நான் லத்தி அள்ளிக்கொண்டிருக்கிறேன், காந்திமதி மெதுவாகப் படுத்தாள். இத்தனை நாள் காத்திருந்தவளை விட்டுவிட்டு, மாலை போட்ட எனக்கு முன்னாலா?

வெள்ளைப் பையில் இரண்டு குளம்பு. மேலே மூக்கு. நான் கத்திய கத்தலில் டார்லீன் தலையில் சோப்போடு ஓடி வந்தாள். தொடாதே, அவளுக்குத் தெரியும் என்றாள். தெரிந்திருந்தது. இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. குட்டி தும்மியது. காந்திமதி அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தாள். ஏழு மாதத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஒரு மணி நேரம் விழுந்து விழுந்து எழுந்து, கடைசியில் நின்று, சீம்பால் குடித்தது. டார்லீன் நஞ்சுக்கொடியைப் புடவை மாதிரி தரையில் விரித்து, கிழியாமல் முழுசாக வந்திருக்கிறதா என்று பார்த்தாள். முழுசு. டாக்டர் வந்து குட்டியின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, நல்ல தாளம் என்றார்.

வடிவு என்று பெயர் வைத்தேன். இனி இந்தப் பண்ணையிலேயே இருப்பார்கள் என்றாள் டார்லீன், இரண்டு பேரும், கடைசி வரைக்கும்.

9 ஜூலை

ப்ரியாவுக்குப் பிள்ளை பிறந்தான். பூண்டுக் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். காந்திமதிகிட்டச் சொல்லிடுங்க என்றாள்.

1 செப்டம்பர், வெள்ளி

பிள்ளையார் சதுர்த்தி. பூக்கடைக்குப் போகலாமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். டார்லீனின் மேய்ச்சலில் முழங்கால் உயரத்துக்கு நிற்பது நம் அருகம்புல்தான். அவள் அதற்கு வேறு பெயர் சொல்கிறாள். காந்திமதி தினமும் தின்பது பிள்ளையாருக்குச் சாத்துகிற புல் என்று எனக்கு உறைக்கவே இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

நேற்று ஒரு கட்டுப் பிடுங்கி வந்து இரண்டு மாலை கட்டினேன். ஒன்று வீட்டில். இன்னொன்றையும் கொழுக்கட்டையையும் எடுத்துக்கொண்டு, டேகேர் முடிந்ததும் போனேன். வழக்கம்போலக் கேட்டில் நின்று மாலையை டார்லீனிடம் நீட்டினேன்.

அவள் மாலையைப் பார்க்கவில்லை. கொழுக்கட்டைப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். "யூ லுக்ட் அட் இட், டிட்ன்ட் யூ?" என்று வாய் நிறைய மென்றுகொண்டே கேட்டுவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டாள்.

காந்திமதி தலையைக் குனிந்து கொடுத்தாள். போட்டு முடிப்பதற்குள் வடிவு பின்னாலிருந்து பாதி மாலையை இழுத்துக்கொண்டது. தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.