பவுலினா வீட்டுப் படலை

கற்பிட்டி,
செபமாலை மாதம்.

அன்பு மகள் அஜித்தா,

மாதாவின் காவலில நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்த இத்தாலிக் குளிரில நோய்நொடி இல்லாமல் இருக்க வேணும் எண்டுதான் ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறன். காத்து விடாமல் அடிக்குது, அப்பா கடல் தொழிலுக்குப் போகாமல் வீட்டில இருந்து எனக்குப் புத்தி சொல்லுறார். பவுலினாவை மன்னிச்சு விடு, மனசுக்குச் சமாதானம் வரும் எண்டு. பாவசங்கீர்த்தனம் கேட்ட கோயில் சுவாமியும் அதைத்தான் சொன்னார். சொல்லுறது லேசு. பக்கத்து வீட்டில இருந்துகொண்டு, நீ அங்க கலியாணம் கட்டாமல் ஒருத்தனோட குடித்தனம் நடத்துறாய் எண்டு வாய் கூசாமல் கதை கட்டி, சிலாபத்தில இருந்து வந்த சம்பந்தத்தையே கலைச்சு விட்டவள் அவள். அந்த நாளில இருந்து எனக்கு நித்திரையும் இல்லை, பூசையில நன்மை அப்பம் வாங்கவும் மனம் வரேல்ல. பொய் சொன்னவள் கோயிலில முன்வாங்கில இருக்கிறாள், நான் கதவடியில நிக்கிறன், இது என்ன நியாயம் மகள்?

இந்த மாசம் மாதாவின்ர சிலை, எங்கட கோயில் சுருவம், வீடு வீடாய்ப் போறது உனக்குத் தெரியும்தானே. செவ்வாய்க்கிழமை எங்கட வீட்டில செபம் முடிய, சனம் பாட்டுப் படிச்சுக்கொண்டு பின்னால வர, அடுத்த வீட்டுக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போக வேணும். அடுத்த வீடு ஆரின்ர வீடு? அவளின்ர வீடு. வாசல் படலையில மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு பெரிய பக்திக்காரி மாதிரி நிக்கிறாள். எனக்கு வந்த கோவத்தில அவளைப் பாராமல் படலையைக் கடந்து, அதுக்கு அங்கால இருக்கிற அல்பொன்சா வீட்டுப் பக்கம் நடந்திட்டன். பாட்டையும் விடேல்ல, உரக்கப் படிச்சுக்கொண்டே போறன். கொஞ்ச தூரம் போனபிறகுதான் விளங்கினது, என்ர சத்தம் மட்டும்தான் கேட்குது. திரும்பிப் பார்த்தால் சனம் முழுக்க, உன்ர அப்பாவும்தான், பவுலினா படலையில நிக்குது. ஒழுங்கையில நானும் மாதாவும் மட்டும். வந்த வெக்கத்தை எழுத ஏலாது. சுருவத்தைப் பார்த்து, நீயாவது என்ர பக்கம் நிக்கிறியே எண்டன். சொன்ன கையோட, மாதாவே, உன்ர மகனைப் பற்றியும் எவ்வளவு பொய் சொன்னாங்கள், அந்தச் சனத்துக்கும் நீதானே தாய் எண்டு மனசில வந்திட்டுது. கையும் நோகுது. திரும்பி வந்து அவளிட்ட நீட்டினன். அவள் ஒரு கையில மெழுகுதிரியோட மற்றக் கையை நீட்டினாள், விட்டால் விழுந்திடும் எண்டு நான் விடேல்ல. ரெண்டு பேருமாய்ப் பிடிச்சுக்கொண்டு போய் மேசையில வச்சம். அக்கா, நான் செய்தது பிழை எண்டாள். ஓம், பிழைதான் எண்டு சொல்லிப்போட்டு முழங்காலில நிண்டன்.

கோவம் போயிட்டுது எண்டு நினைக்காத, இன்னும் கிடக்கு. ஆனால் அண்டைக்கு விடியுமட்டும் நித்திரை கொண்டன். ஞாயிற்றுக்கிழமை நன்மையும் வாங்கினன். முன்வாங்கிலதான் இருந்தன், அவளுக்குப் பக்கத்தில.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும் மகள். கழுத்தை மூடிக்கொண்டு வெளிய போ. படுக்க முந்தி அவளுக்காக ஒரு அருள்நிறை செபம் சொல்லு. பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னாலும் மாதா ஏற்றுக்கொள்ளுவா, நான் அப்பிடித்தான் சொன்னனான்.

உன்ர அம்மா,
பிலோமினா