கயிறு அறவில்லை

அப்பா,

இன்று காலை எங்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கியைக் கழுவ இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய இரும்புத் தாங்கி அது. ஒருவர் உள்ளே இறங்கினார். மற்றவர் மேலே வாயருகில் குந்தியிருந்தார். நான் பக்கத்து வகுப்பில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தவர் மரக்கட்டையால் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். மேலே இருந்தவர் பதிலுக்கு ஒன்று தட்டினார். என் கையில் வெண்கட்டி அப்படியே நின்றுவிட்டது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்தவர்களைத் தவிர வேறு ஒருவரும் அப்படித் தட்டி நான் கேட்டதில்லை.

நேற்றுத்தான் உங்கள் சபையார் லிங்கநகரில் நம் வீட்டுக்கு வந்துபோனார்கள். வருகிற ஞாயிறு உங்கள் நினைவுக் கூட்டமாம். "ஐயாவின்ர சாட்சியை மகளின்ர வாயால கேக்க எங்களுக்கு ஆசை, டீச்சர். அந்தக் கயிறு அறுந்த கதையை நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார் உங்கள் இளைய போதகர். யோசித்துச் சொல்கிறேன் என்று தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வருகிறது. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களோடு கதைக்க ஏலாது. வாயைத் திறந்தால் ஒரு வேத வசனத்தைத் தூக்கி முன்னால் போட்டு, எதிரில் இருப்பவரை ஊமையாக்கிவிடுவீர்கள்.

நீங்கள் பிரசங்கம் செய்த அந்தக் குரல் உங்களுடைய சொந்தச் சம்பாத்தியம் இல்லை. உங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் கப்பல்களுக்குப் பகலெல்லாம் சாயம் பூசிவிட்டு, பின்னேரம் கோயிலில் தேவாரம் பாடினவர். அவர் பாடத் தொடங்கினால் வெளிவீதியில் நின்ற கடலைக்காரி அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்பாளாம். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவரைப் 'பேய்க்குப் பாடினவர்' என்று சந்தையில் நின்று சொன்னீர்கள். அன்று பின்னேரம் அம்மா உங்களுக்குச் சோறு போட்டாள், ஆனால் முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

வெள்ளைக்காரனின் கப்பல்கள் போன பிறகு எண்ணெய்த் தாங்கியில் உங்களுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருசம் அம்மாவின் தம்பி தம்பிராசா மாமாவையும் நீங்கள்தான் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அதை நான் மறுக்கவில்லை. தாங்கி வெறுமையான பிறகு அடியில் தேங்கும் கரிச்சேற்றை வழிப்பது உங்கள் இருவருடைய வேலை. ஒருவர் இடுப்பில் கயிற்றோடு உள்ளே, மற்றவர் கயிற்றின் மறுமுனையோடு மேல்வாயில். உள்ளே இருப்பவர் இடைக்கிடை ஒரு தட்டுத் தட்டவேண்டும். அதற்கு 'இருக்கிறேன்' என்று அர்த்தம். மேலே இருப்பவர் பதில் தட்டவேண்டும். அடுத்தடுத்து மூன்று தட்டினால் 'தூக்கு'. பொறி பறக்கக்கூடாது என்று இரும்பால் தட்டமாட்டீர்கள், மரக்கட்டைதான். மேலே நிற்பவர் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே இறங்கக்கூடாது என்பதும் சட்டம். இறங்கினால் இரண்டு பிணம் என்று மேற்பார்வையாளர் சொல்லுவாராம்.

கயிறு காலில் சிக்குகிறது என்று நீங்கள் அதை அவிழ்த்து வைத்துவிட்டு வேலை செய்வீர்கள். அது உங்கள் பழக்கம். "அத்தான், கட்டுங்கோ" என்று மாமா மேலே நின்று கத்துவார். "நீ உன்ர வேலையைப் பாரடா" என்பீர்கள். அன்றைக்கும் அதுதான் நடந்தது. எண்ணெய் ஆவியில் மயங்கி விழுந்தீர்கள், உங்கள் தட்டு நின்றது. மாமா இழுத்தார். கயிறு கனமில்லாமல் மேலே வந்தது, முழுசாக.

மற்றவர்களைக் கூப்பிட்டுக் கயிற்றின் ஒரு முனையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு மாமா இறங்கினார். உங்களைத் தேடிப் பிடித்து, உங்கள் நெஞ்சைச் சுற்றிக் கட்டி, மூன்று தட்டுத் தட்டினார். நீங்கள் மேலே போனீர்கள். கயிறு திரும்ப வரும்வரை அவர் அந்த ஆவிக்குள் கிடந்தார். நீங்கள் ஒரு கிழமையில் எழும்பி நடந்தீர்கள். மாமாவின் நெஞ்சு பிறகு சுகமாகவே இல்லை.

இதெல்லாம் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் நான் தோண்டித் தோண்டிக் கேட்டபிறகு. விசாரணையில் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்களாம். மாமாதான் முந்திக்கொண்டு, "முடிச்சு இளகிப்போச்சு ஐயா. கட்டினது நான்" என்றாராம். பிழையாகக் கட்டியதற்கும் சட்டத்தை மீறி இறங்கியதற்கும் அவரை வேலையால் நிற்பாட்டினார்கள். "ஏன் மாமா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் வேலை போய் வெளியில வந்தா உங்கட குசினியில ஆர் அடுப்பு மூட்டிறது, பிள்ளை? நான் தனிக்கட்டை" என்றார். சொல்லிவிட்டு இருமத் தொடங்கினார், இருமல் நிற்க நேரமெடுத்தது.

நீங்கள் அந்த வருசமே ஞானஸ்நானம் பெற்றீர்கள். பிறகு வேலையை விட்டீர்கள். அம்மாவின் பொட்டை அழிக்கச் சொன்னீர்கள். சுவாமிப் படங்களைச் சாக்கில் கட்டிக் கிணற்றடியில் வைத்தீர்கள். உங்கள் கர்த்தர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அப்பா. உங்கள் கதையைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், இன்றைக்கும் என்னைக் கண்டால் வணக்கம் சொல்லுகிறார்கள். என் கோபம் எல்லாம் நீங்கள் சொன்ன அந்த ஒரு கதையில்தான்.

"கயிறு அறுந்தது. மனுசன் கட்டின கயிறு அறுந்தது. இருட்டுக்குள் கிடந்து கூப்பிட்டேன். கர்த்தர் தம்முடைய கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டார்." கந்தளாயில் சொன்னீர்கள், தோப்பூரில் சொன்னீர்கள், பேருந்து நிலையத்தில் மேசைமேல் ஏறி நின்றும் சொன்னீர்கள். சொல்லச் சொல்ல அந்தக் கை பெரிதாகி வெளிச்சமும் வீசியது. தம்பிராசா என்ற பெயர் மட்டும் ஒரு நாளும் வரவில்லை.

மூதூர்ச் சந்தையில் நடந்தது நினைவிருக்கிறதா? கயிற்றுக்கடை முதலாளி ஒருவர் எழும்பி வந்து, "ஐயா, ஒங்கட வேதத்த நீங்க சொல்லுங்க, நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா அந்தத் தாங்கிக்குக் கவுறு குடுத்தது நான். மாட்டக் கட்டி இழுத்தாலும் அது அறாது. என்ட யாவாரத்துல கை வெக்காதீங்க" என்றார். சந்தையே சிரித்தது. நீங்கள் அவருக்காக ஜெபிக்கத் தொடங்கிவிட்டீர்கள். எனக்கு அன்று அவருடைய கையைப் பிடித்து நன்றி சொல்லவேண்டும்போல் இருந்தது.

நம் வீட்டு முற்றத்தில் நீங்கள் வைத்த முதல் கூட்டத்தில் மாமாவும் வந்திருந்தார். சாய்வுக் கதிரையில், மூச்சை இழுத்து இழுத்து முழுக்கக் கேட்டார். முடிந்ததும், "நல்லாச் சொன்னீங்கள் அத்தான். கேக்க எனக்கே நடுங்கினது" என்றார். நீங்கள் அவர் தோளில் தட்டிவிட்டுப் போனீர்கள். அவர் என் பக்கம் திரும்பி, "என்னையும் எங்கையாவது ஒரு மூலையில விட்டிருக்கலாம், என்ன பிள்ளை?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் எழும்பி உள்ளே போய் அழுதேன்.

அவர் செத்த அன்று நீங்கள் செத்தவீட்டு வாசற்படலைக்கு வெளியே நின்றீர்கள். உள்ளே தேங்காயும் கற்பூரமும் இருந்ததாம், வரமாட்டீர்களாம். அம்மா வெளியே வந்து உங்கள் கையைப் பிடித்துக் கேட்டாள். "ஊரே நிக்குது. கும்பிட வேண்டாம். உங்களை எடுத்தது இவன்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அது போதும்." நீங்கள் கையை விடுவித்துக்கொண்டு சொன்னீர்கள்: "கர்த்தருக்குரிய மகிமையை மனுசனுக்குக் குடுக்க ஏலாது." பிறகு கந்தளாய்க்குக் கூட்டம் இருக்கிறதென்று பேருந்து ஏறிப் போய்விட்டீர்கள். அம்மா அதற்குப் பிறகு உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. இரண்டு வருசத்தில் அவளும் போய்விட்டாள்.

பாரிசவாதம் வந்து உங்கள் வாய்ப்பேச்சு விழுந்தபோது, உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கு அவ்வளவு இரக்கம் வரவில்லை. குளிக்க வார்த்தேன், கஞ்சி பருக்கினேன், துணி தோய்த்தேன். கடைசி நாள் பின்னேரம் சபையார் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். உங்கள் வலது கை கட்டில் சட்டத்தில் தட்டியது. "ஐயா தாளம் போடுறார்" என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள்.

அது தாளம் இல்லை. மூன்று தட்டு. பிறகு நிறுத்தினீர்கள். தலையைக் கொஞ்சம் சரித்துக் காது கொடுத்தீர்கள். மறுபடியும் மூன்று தட்டு, மறுபடியும் காது கொடுத்தீர்கள். கர்த்தருக்கு அந்தத் தட்டு விளங்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பதில் தட்டின ஆள் உங்கள் வாழ்க்கையில் ஒருவர்தான். மேல்வாயில் ஆர் நின்றதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அப்பா. படலையடியில் நின்றபோதும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்தீர்கள். மறந்துபோய்விட்டீர்கள் என்றாவது அதுவரை நான் நினைத்திருந்தேன்.

உள்ளே நிற்பவர் தட்டினால் மேலே நிற்பவர் பதில் தட்டவேண்டும். இருவருக்கும் சண்டையென்றாலும் தட்டவேண்டும், அதுதான் தொழில் என்று மாமா சொல்லித்தந்திருக்கிறார். அந்தக் கட்டிலடியில் அவருடைய இடத்தில் நிற்க வேறு ஆளில்லை. நான் மடக்கிய விரல் மொழியால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். அவருக்காகத்தான் தட்டினேன். உங்கள் கை அதோடு நின்றது. முகம் இளகியது. எனக்கு அதைப் பார்க்கவும் கோபம்தான் வந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் பெரிய சந்தோசம். "சாட்சியை எங்க இருந்து தொடங்குவீங்கள், டீச்சர்?" என்று கேட்டார். தாங்கியின் மேல்வாயிலிருந்து என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

உங்களுக்கு விளங்கும். உங்கள் ஆட்கள் எல்லாரும் கதிரைகளில் இருப்பார்கள், நான் எழும்பி நின்று இப்படித் தொடங்குவேன்: கயிறு அறவில்லை. அதை அவிழ்த்தவர் என் அப்பா. இறங்கி வந்தவருடைய பெயர் தம்பிராசா.