பெட்டியடுப்பும் மூன்று மா நிலமும்

மாதா துணை

மேலக்கோட்டகம்,
30.8.1981

அன்புள்ள அருள்செல்விக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமில்லையென்றால் நீயே எழுதியிருப்பாய். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, நம் ஜெனோவாவுக்கு முன் பால்பல் விழுந்துவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை.

நீ கொடுத்தனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. நெய்னா முகம்மது அண்ணன் குவைத்திலிருந்து கூத்தாநல்லூர் வந்த மறுநாளே ஆள் அனுப்பினார். ஒர்க்‌ஷாப் வேலை முடிந்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். பிரித்துப் பார்த்தால் மின்சார அடுப்பு. மேசைமேல் வைக்கிற சின்ன ஓவன். மேலே ஒரு ஹீட்டர் காயில், கீழே ஒரு காயில், கண்ணாடிக் கதவு, நேரம் முடிந்தால் மணியடிக்கும் குமிழ். நான் எழுதிக் கேட்டது மோட்டார் வேலைக்குக் கரண்ட் அளக்கிற மல்டிமீட்டர். அருள், என் கடிதத்தை நீ முழுதாகப் படிக்கிறாயா?

கோபம் இல்லை. புரியவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிளக்கில் மூன்று சதுரக் கால். நம் ஊரில் எந்தத் துளையிலும் நுழையாது. வெட்டிவிட்டுப் பதினைந்து ஆம்பியர் பிளக் போட்டு, மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்தேன். முதல் நாள் மாலையில் அரிசி வைத்தேன். ஊர் பம்புசெட்டெல்லாம் ஓடுகிற நேரம், ஒர்க்ஷாப்பிலிருந்து இரவல் வாங்கிய மீட்டரில் வோல்டேஜ் நூற்றறுபதைத் தாண்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் அரிசி வெதுவெதுப்பான தண்ணீரில் கிடக்கிறது. அம்மா எட்டிப் பார்த்து, “குளிப்பாட்டிட்டியா? பவுடர் போட்டுப் படுக்க வை” என்றாள்.

பிறகு விடியற்காலையில் வைத்துப் பார்த்தேன். மீட்டர்ச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணியதில் ஒன்று தெரிந்தது. பாதிக் கரண்ட் அடுப்பின் சுவரைக் காய்ச்சவே போகிறது. ஆகவே சோற்றுக்கு ஒருமுறை, குழம்புக்கு ஒருமுறை என்று போட்டால் கட்டுப்படியாகாது. ஒரே சூட்டில் எல்லாம் வேக வேண்டும். இப்போது கீழ்த்தட்டில் மூடிபோட்ட சோற்றுப் பாத்திரம், பக்கத்தில் பருப்பு. மேல்தட்டில் வாழையிலையில் மடித்த கெண்டை மீன். சந்துகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அடுப்புத் தலைமேல் ஒரு சொம்புத் தண்ணீர். அது சும்மா போகிற சூட்டிலேயே கொதிக்கிற அளவுக்கு வந்துவிடும், மறுநாள் அரிசிக்கு அதை ஊற்றினால் நேரம் குறைகிறது என்று நினைத்தேன். மறுநாள் அது ஆறிப்போயிருக்கும் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. இப்போது அம்மா அதில் காப்பி போடுகிறாள். மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே அணைத்துவிடுகிறேன். மிச்சத்தைக் கதவுக்குள் இருக்கும் சூடு பார்த்துக்கொள்ளும்.

சரி, அடுப்பு வேலை செய்கிறது. கேள்வி அதுவல்ல. உன் ஒப்பந்தம் தை மாதம் முடிகிறது. நாலு மாதத்தில் வரப்போகிறவள் எதற்கு அடுப்பு அனுப்புகிறாள்? “சிக்கனமாகச் சமைக்கலாம், அத்தைக்குப் புகை இல்லை” என்று எழுதியிருக்கிறாய். வருகிற தேதியை எழுதவில்லை. எழுது.

இப்படிக்கு,
லூர்துராஜ்

மேலக்கோட்டகம்,
3.11.1981

அன்புள்ள அருளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம். உன் ஆஸ்பத்திரி விடுதிக்குப் புதிதாக வந்த மலையாள நர்ஸின் குறட்டை வரைக்கும் எழுதியிருக்கிறாய். தேதி இல்லை.

இங்கே நிலைமை சரியில்லை. குறுவை அறுப்புக் கூலி நெல் விஷயமாகப் பண்ணைக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் தகராறு. இருபது நாளாக நம் தெருவில் யாரும் வயலில் இறங்கவில்லை. கதிர் சாய்ந்து தண்ணீரில் முளைக்கிறது. பண்ணை வெளியூர் ஆளை இறக்கப் பார்த்தது, சங்கம் மறித்தது, இப்போது பள்ளிக்கூடத்தில் போலீஸ் வண்டி நிற்கிறது. நில உச்சவரம்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது எங்கள் கட்சிதான் என்று இரண்டு கட்சிக்காரர்களும் டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நிலம் பண்ணையிடமே இருக்கிறது. ஒரு பகுதி பண்ணை வீட்டுச் சமையற்காரர் பெயரில், ஒரு பகுதி கார் டிரைவர் பெயரில். யார் பேசுவது நியாயம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்ததே இல்லை. மோட்டார் எரிந்தால் எந்தக் காயில் என்று சொல்லிவிடுவேன். இதில் முடியவில்லை.

பண்ணை செய்த அடுத்த காரியம், தோப்பில் யாரும் கால் வைக்கக்கூடாது என்றது. விழுந்த தென்னமட்டை, காய்ந்த கருவேலங்குச்சி, எதையும் தொடக்கூடாது. சங்கம் வீட்டுக்கு வீடு நொய்யரிசி கொடுத்தது. வேகவைக்க விறகில்லை. மேலே அடைமழை.

முதலில் வந்தது எதிர்வீட்டு வேம்பு அக்காதான். தலையில் சாக்கு, கையில் பாத்திரம். வாசலில் நின்று, “தம்பி, உங்க பொட்டியில எங்க கஞ்சிக்கு ஒரு ஓரமா எடம் இருக்குமா?” என்றது. அம்மா முந்திக்கொண்டு, “அவன் எண்ணி எண்ணி கரண்ட்டு போடுற ஆளு, அவனையே கேளு” என்றாள். எனக்கு உண்மையிலேயே எரிச்சல். ஆனால் யோசித்துப் பார்த்தால் கணக்கு இடிக்கவில்லை. அடுப்பைக் காய்ச்சுவதுதான் செலவு. காய்ந்த அடுப்பில் ஒரு பாத்திரம் வெளியே வந்ததும் அடுத்ததை உள்ளே தள்ளினால் பெரிதாக ஏறாது. இப்போது காலை நாலரைக்குப் போட்டு எட்டு மணிக்கு அணைக்கிறேன். ஐந்து வீட்டுக் கஞ்சி. யாரும் பாதியில் கதவைத் திறந்து பார்க்கக்கூடாது, மூடியில்லாத பாத்திரம் வரக்கூடாது, இரண்டே சட்டம். முதல் சட்டத்தை மீறுவது அம்மாதான்.

இதற்கு நடுவில் உனக்குக் கருவாடு கொடுத்தனுப்பக் கூத்தாநல்லூர் போனேன். நெய்னா அண்ணன் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி கமருன்னிஸா அக்கா அடுப்பு எப்படி என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். “பின்ன? ரெண்டு வருஷம் நீங்க தனியா சமாளிக்கணும்னுதான அருளு தேடித் தேடி வாங்குனுச்சு” என்றார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, மூணு மா நெலம் பேசியிருக்கீங்களாமே, அதுக்காக அது இன்னும் ரெண்டு வருஷம் நிக்கப் போகுதுன்னு இவுங்க சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?” என்றார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் பொய் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். ஒளிக்கவில்லை. ஆனியிலேயே பண்ணைக் காரியஸ்தர் வந்து பேசினாராம். கோயில் உபதேசியார் மகளை வைத்து அம்மா உனக்கு எழுதினாளாம். நீ சரி என்றாயாம். என் பெண்டாட்டியும் என் அம்மாவும் கடிதம் போட்டுக்கொள்கிறீர்கள், நான் இங்கே தேதி தேதி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சத்தம் போட்டேன். அம்மா, “நாப்பது வருஷம் அவன் வயல்ல நட்டேன்டா. ஒரு போகமாவது என் வயல்ல நட்டுட்டுச் சாவறேன்” என்றாள்.

மறுநாள் எந்த நிலம் என்று விசாரித்தேன். சமையற்காரர் பெயரில் இருக்கிற வாய்க்கால் கரை மூன்று மா, ஒரு ஏக்கர். ஏழு வருஷமாக அதைக் குத்தகைக்குச் செய்கிறவர் வேம்பு அக்காவின் வீட்டுக்காரர். பதிவு இல்லை, வாய்ப்பேச்சுதான். அந்த நிலம் உச்சவரம்புக்கு மேல் உள்ள மிச்சம், உழுகிறவனுக்கே பட்டா கொடுக்க வேண்டும் என்று சங்கத்து முருகையன் தாலுகா ஆபீஸில் மனுப் போட்டிருக்கிறார். மனு ஜெயிப்பதற்குள் கைமாற்றிவிடப் பண்ணை பார்க்கிறது. அதே தெருவிலிருந்து வாங்க ஆள் கிடைத்தால் சங்கம் கொடி பிடிக்க முடியாது. அதற்கு நாம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் தெருவுக்குத் தெரிந்திருக்கிறது. முந்தாநாள் காலை கஞ்சி வேகிற வரை வேம்பு அக்கா உட்கார்ந்திருந்தது. சண்டை பிடித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சண்டை பிடிக்கவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, “நீங்க அதை வாங்குனா நடவுக்காச்சும் எங்களக் கூப்புடுவீங்கல்ல தம்பி?” என்றது. கிண்டலா, நிஜமாகக் கேட்டதா, இன்னும் பிடிபடவில்லை.

நேற்றுக் காரியஸ்தரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீங்கள் என்னைக் கேட்காத மாதிரியே. அவர், “வெளிநாட்டுப் பொண்டாட்டி இருந்தும் பொழைக்கத் தெரியலியே” என்றார். அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. வேம்பு அக்காவின் பாத்திரத்தை மட்டும் காலையில் அவளே வாங்கி உள்ளே வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியவில்லை.

செய்தது சரியா தப்பா? நாலு பக்கமும் போட்டுப் பார்த்துவிட்டேன், வருகிற விடை ஒவ்வொரு தடவையும் வேறு. எதற்காக நீ இரண்டு வருஷம் அங்கே வேக முடிவெடுத்தாயோ அந்த நிலத்தை ஒரு நிமிஷத்தில் வேண்டாமென்றுவிட்டேன். வேம்பு அக்காவுக்காகவா, நீ அங்கே நிற்க ஒரு காரணம் குறையட்டும் என்றா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவதுதான் என்றால் அது நியாயம் என்று பெயர் வாங்கக்கூடாது. அதனால் எழுதுகிறேன்.

நிலம் இல்லை. இனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேறு காரணம் இருந்தால் மறைக்காமல் எழுது. என்னோடு இருப்பதில் ஏதாவது குறை என்றாலும் எழுது. கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றால் அதையும் எழுது. இல்லையென்றால் தையில் வா.

ஜெனோவாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன், வேறு யாரிடம் சொல்வது. உனக்கு என்மேல் கோபம் வருமா என்று அவளையே கேட்டேன். “வரும். ஆனா திட்டணும்னா அம்மா இங்க வந்துதான் திட்டணும், லெட்டர்ல திட்டுனா எனக்குக் கேக்காதுன்னு எழுதுங்க” என்றாள்.

எழுதிவிட்டேன். மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து திட்டு.

உன்,
லூர்து