ஒரே டிஸ்க்கில் இரண்டு பேர்

ஆடி மூன்றாம் வெள்ளி. நாள் முழுக்க மழை.

கோயில் ஆபீஸில் இருக்கும் டிஸ்க்கை, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, நெட்வொர்க் வழியாக என் லேப்டாப்பில் சொந்த டிஸ்க் போலத் தெரியவைத்தவள் நான். எஸ்டேட் குடும்பங்களின் ராசி நட்சத்திரப் பட்டியல் அதில்தான் இருந்தது. எங்கள் ஊர் ரிங்லெட் பள்ளிக்கு மாற்றலாகி வந்த மாலதி டீச்சர் போன வாரம் தன் லேப்டாப்பையும் அதே டிஸ்க்கில் சேர்த்தாள்.

"டீச்சர் வந்த பிறகுதான் நம்ம கோயில் வேலை ஓடுதுலா," என்றார் கோயில் தலைவர், என்னை வைத்துக்கொண்டே.

இரண்டு கணினிகள் ஒரே டிஸ்க்கில் எழுத வேண்டுமானால், ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு எழுதும்படி இரண்டையும் கூட்டாக அமைக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று எழுதிய இடத்திலேயே மற்றதும் எழுதிவிடும். எனக்கு அது தெரியும். சொல்லவில்லை.

இன்று அர்ச்சனைக்கு ஜனங்கள் வரிசையில் நிற்கும்போது பட்டியல் திறக்கவில்லை. டிஸ்க்கே குழம்பிப்போயிருந்தது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போலக்கா. தலைவர்கிட்ட நாளைக்கு நானே சொல்லிடுறேன்."

"பரவால்லமா, அழாத," என்றேன்.

அவள் சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். ஆனால் டீச்சர் வருவதற்கு முன் எடுத்த பிரதி ஒன்று என் பென்டிரைவில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தலைவர் என்ன சொல்வார் என்று நினைக்கும்போதே இனிக்கிறது. அம்மா தாயே, முதலில் இந்த இனிப்பை எடுத்துவிடு. பிறகு தலைவரிடம் போய் உண்மையைச் சொல்கிறேன்.