ஸ்பானியத்துக்கு ஒரு பிணை

பெப்ரவரி 9, 1994

எதற்காக ஸ்பானியம்? யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக இயக்கத்திடம் அனுமதி எடுக்கும் பாஸ் கந்தோரில் இன்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் நின்று யோசித்தும் முடியவில்லை.

கேட்டது இயக்கத்துப் பெண்பிள்ளை ஒன்று. இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டிய தலை. என்னிடம் ஏழாம் வகுப்பில் ஆங்கிலம் படித்ததாம். எனக்கு முகம் நினைவில்லை.

"ரீச்சர், கொழும்பிலை சோதினை எண்டு எழுதியிருக்கிறியள். என்ன சோதினை?"

ஸ்பானிய மொழியில் வெளிவாரிப் பட்டம், தொண்ணூறில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியதோடு நின்றுபோனது, கடைசிப் பகுதி இந்த ஜூனில் என்றேன்.

"அது ஆர் கதைக்கிற பாசை?"

ஸ்பெயின், தென்னமெரிக்காவில் பெரும்பகுதி.

"யாழ்ப்பாணத்திலை?"

"நான்."

சிரித்தாள். பிறகு சிரிப்பை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேட்டாள்: "இந்த வயசிலை அதைப் படிச்சு என்ன செய்யப்போறியள், ரீச்சர்?"

பேராதனையில் நான் இலத்தீன் படித்தவள். பள்ளிக்கூடத்தில் இலத்தீனை நிறுத்திய பிறகு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இலத்தீன் தெரிந்தவளுக்கு ஸ்பானியம் அடுத்த வளவு. வேலியைத் தாண்டினால் போதும். தொடங்கியது அப்படித்தான். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அது காரணமாகாது.

பாஸ் தருவார்களாம். ஆனால் பிணை வேண்டும். நான் திரும்பி வராவிட்டால் கூப்பிட்டு வைத்து விசாரிக்க வீட்டில் ஒரு ஆள் இருக்கவேண்டும்.

"வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"மச்சாள்."

"அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பெப்ரவரி 10

இராசமலரிடம் இன்னும் கேட்கவில்லை.

பெப்ரவரி 13

பின்னேரம் கிறகோரி அண்ணை வந்தார். முன்வீட்டுக்காரர். ரெயில்வேயில் கார்ட்டாக இருந்தவர். இப்போது ரெயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. எல்லாம் பங்கர் கட்டப் போய்விட்டது. சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை என் றேடியோவில் பூட்டி, பெடலைக் கையால் சுற்றுவார். கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை என்ற பிறகு எங்கள் கொக்குவிலுக்கு ஸ்பெயின் வருவது இப்படித்தான். அவர் கை தளர்ந்தால் ஸ்பெயின் மங்கிவிடும்.

"என்ன சொல்லுறான், ரீச்சர்?"

"பந்தடி."

"பேந்தும் பந்தடியோ? ஆர் வெண்டது?"

மிக வேகமாகச் சொல்கிறான், பிடிபடவில்லை என்றேன்.

"இவ்வளவு வருசமாய்ப் படிக்கிறியள், ஆர் வெண்டது எண்டு தெரியாது! கொழும்பிலை என்னத்தைக் கதைக்கப்போறியள்?"

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்குள்ளும் அதே பயம்தான். இந்த முறை வாய்மொழிப் பரீட்சை உண்டு. என் வாழ்நாளில் ஸ்பானியம் பேசும் ஒரு மனிதரையும் நேரில் கண்டதில்லை.

பெப்ரவரி 20

கேட்டேன்.

இராசமலர் குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், என் அண்ணை செத்து, மகன்மார் இருவரும் ஜேர்மனிக்குப் போனபின் இந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் சொல்லி முடிக்கும்வரை முறிக்கிற சத்தம் நிற்கவில்லை.

"சோதினை ஜூனிலை. கனடா இன்ரவியூ ஜூலையிலை. நல்ல பொருத்தம்."

தம்பி செல்வரட்ணம் என்னை ரொறன்ரோவுக்கு எடுப்பதற்கு ஸ்பொன்சர் செய்திருக்கிறான். அவன் தொந்தரவு தாங்காமல் போன வருடம் கையெழுத்து வைத்தேன் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். கையெழுத்து வைத்தது நான். தொந்தரவு அவ்வளவு பெரிதும் அல்ல.

"சோதினைக்குத்தான் போறன், மச்சாள். திரும்பி வருவன்."

"அதை எனக்குச் சொல்லாதையும். உமக்குச் சொல்லும்."

பிறகு சுளகை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "நான் பிணை நிக்கமாட்டன்."

மார்ச் 2

ஒன்றும் படிக்க முடியவில்லை. மேசையைக் கிழக்கு யன்னலடிக்கு இழுத்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் அங்கிருந்து படலை தெரிகிறது. படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பவும் பழைய இடத்துக்கு இழுத்தேன். "என்ன, ஊர்வலமோ?" என்று இராசமலர் குசினியிலிருந்து கேட்டாள்.

எழுத வெள்ளைத்தாள் கிடையாது. பழைய மாணவிகளின் இலத்தீன் விடைத்தாள்களின் பின்பக்கத்தில் கட்டுரை எழுதிப் பழகுகிறேன். முன்பக்கத்தில் அவர்களுடைய பிழைகள், பின்பக்கத்தில் என்னுடையவை.

திரும்பி வருவேனா? அவளுக்கு வருவேன் என்று சொன்னபோது குரல் சரியாக இருந்தது. அதனால்தான் சந்தேகம்.

மார்ச் 18

கிறகோரி அண்ணை தான் பிணை நிற்பதாகச் சொல்லி என்னைக் கந்தோருக்கு இழுத்துக்கொண்டு போனார். "ரெயில் ஓடேக்கை பச்சைக்கொடி காட்டினனான். இப்ப நிக்கிறதைத் தவிர எனக்கு வேறை என்ன வேலை?"

அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டது. பிறகு சொன்னது: "அயலட்டை ஆக்களை எடுக்கமாட்டம், ஐயா. ஒரே வீட்டு ஆள் வேணும்."

"நானும் அரைவாசி நேரம் அவவின்ரை முற்றத்திலைதான் பிள்ளை நிக்கிறன்."

"ரீச்சர்தான் எங்களுக்கு அந்தக் காலத்திலை சொன்னவா, விதி எண்டால் விதி எண்டு."

சொல்லியிருப்பேன். சொல்லக்கூடிய ஆள்தான் நான்.

வரும் வழியில் கிறகோரி அண்ணை, பங்குத்தந்தை தனக்குச் சொன்னதென்று ஒன்றைச் சொன்னார். மேசை, சப்பாத்து என்று போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுப்போன சொற்கள் ஸ்பெயினிலும் அநேகமாக அதேதானாம். இதைச் சொல்பவர்கள் எல்லாரும் எனக்கு ஏதோ பரிசு தருவதுபோலச் சொல்கிறார்கள். மேசை என்ற சொல்லை வைத்துக்கொண்டு பட்டம் எடுக்க முடியாது.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. சண்டை.

பொங்கிப் படைத்து முடிந்ததும் அவள்தான் தொடங்கினாள், பள்ளிக்கூடத்துக்கு இனி யாரை எடுப்பார்கள் என்று. நான் போகவில்லையே, லீவில்தானே போகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு... எனக்கு வந்த கோபம்.

ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்காமல் ஒரு மூலையிலை இருந்து படிச்சனான். அதுகும் பிழையோ? இந்த வீட்டிலை நான் ஆரிட்டை என்ன கேட்டனான், இந்த ஒரு கையெழுத்தைத் தவிர? இவ்வளவையும் உரத்துச் சொல்லிவிட்டேன். அவள் வாழையிலைகளை மடித்து எடுத்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உம்மடை அண்ணை ஆசுப்பத்திரிக்குப் போகேக்கையும் பின்னேரம் வாறன் எண்டுதான் சொன்னவர்."

மே 3

இராசமலர் காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள். கோயிலுக்கு என்று நினைத்தேன். மத்தியானம் வெயிலில் நடந்து வந்து, குடையை மடித்து, என் மேசையில் பாஸை வைத்தாள். தனியாகப் போய்ப் பிணைக்குக் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பாஸ் ஜூன் முப்பது வரைக்கும்.

"உமக்கு ஏதாவது பிரச்சினை வந்தால்?"

"என்னை வைச்சு ஆர் என்னத்தைச் செய்யப்போயினம்? சோதினையை ஒழுங்காய் எழுதும்."

நன்றி சொல்ல வாய் வரவில்லை. இன்று முழுதும் வரவில்லை.

மே 29

பெட்டியை அவளே அடுக்கினாள். நான் அடுக்கினால் புத்தகத்தை வைத்துவிட்டுச் சேலையை மறந்துவிடுவேனாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் திறந்து பார்த்தேன். அடியில் அண்ணையின் கம்பளிச் சுவெற்றர்.

"கொழும்பிலை இதை ஆர் போடுறது?"

"கிடக்கட்டும்."

வெளியே எடுத்து வைத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் திரும்பவும் உள்ளே இருந்தது.

மே 31

கிளாலிக்குப் போகிறேன், அங்கிருந்து வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடக்க. படலையடியில் அவள் கை காட்டவில்லை. கிறகோரி அண்ணை மட்டும் பச்சைக்கொடி பிடிப்பதுபோலத் துவாயை ஆட்டினார்.

ஜூன் 9, வெள்ளவத்தை, கொழும்பு

எழுத்துப் பரீட்சைகள் முடிந்தன. பழைய நாடகங்கள் பற்றிய வினா நன்றாக வந்தது. மொழிபெயர்ப்பு சுமார். பரீட்சை மண்டபத்தில் மின்விசிறியின் காற்றில் தாள் பறக்கிறது என்று கை பிசைந்துகொண்டிருந்தேன். காற்றுக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

பெரியம்மாவின் மகள் குணலட்சுமி வீட்டில் நிற்கிறேன். சுவிச்சைப் போட்டால் வெளிச்சம். முதல் இரண்டு நாளும் ஒரு காரணமும் இல்லாமல் போட்டுப் போட்டு நூர்த்தேன்.

அவளுக்கு எல்லாம் தீர்மானமாகிவிட்டது. "ஜூலை பன்ரண்டு இன்ரவியூ. அதுக்குப் பிறகு ஏன் அக்கா உந்தக் கிடங்குக்குள்ளை திரும்பிப் போறியள்?"

"மச்சாள் பிணை நிக்கிறா."

"வயசான மனுசியை என்ன செய்வினம்? கூப்பிட்டு வைச்சு விசாரிப்பினம். பிறகு விடுவினம்."

"எத்தனை நாள் வைப்பினம்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

ஜூன் 16

வாய்மொழிப் பரீட்சை.

எதிரே ஒரு ஸ்பானிய மனுஷி, என் வயதுதான். வெள்ளி வளையல். நான் என் பெயர், ஊர், தொழில் எல்லாம் சொன்னேன். அவள் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு முகத்தைச் சரித்துக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "நீங்கள் வானொலியிலா படித்தீர்கள்?" ஆம் என்றேன். நான் பந்தாட்ட வர்ணனையாளரைப் போலப் பேசுகிறேனாம். வெட்கமாகப் போய்விட்டது. அவள் நன்றாகச் சிரித்தாள். அது கெட்ட சிரிப்பல்ல.

அடுத்த கேள்வி, அதே கேள்வி: ஏன் ஸ்பானியம்?

யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. இந்த மொழியில் இதுவரை யாரும் எனக்குச் சாவுச்செய்தி சொன்னதில்லை என்றேன்.

அவள் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முழு வழியும் அதையே யோசித்தேன். அது உண்மையா? அல்லது என்னிடம் இருந்த சொற்களுக்குள் அகப்பட்ட ஒரு பதிலா? தமிழில் எனக்கு ஏன் அது வரவில்லை? பாஸ் கந்தோர்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? அவளுக்கு எத்தனை சாவுச்செய்தி வந்திருக்கும்!

ஜூன் 22

பெட்டி பாதி கட்டியபடி கட்டிலடியில் கிடக்கிறது. கட்டினேன், அவிழ்த்தேன். கடற்கரைக்கு நடந்தேன், திரும்பினேன். ரொறன்ரோவில் ஸ்பானியம் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்களாம். பள்ளிகளில் படிப்பிக்கலாமாம். தம்பி போனில் சொன்னான். படிப்பு கடைசியில் ஒரு இடத்துக்கு உதவப்போகிறது. சந்தோஷப்பட வேண்டும்.

ரொறன்ரோவில் குளிராம். அந்தச் சுவெற்றர் நப்தலின் மணக்கிறது.

ஜூன் 26

நாளை வவுனியா ரெயில். குணலட்சுமி முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். "அங்கை உங்களுக்கு என்ன கிடக்கு?" நான் திரும்பிப் போவது நல்ல மனத்தால் அல்ல, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. "எத்தனை நாள் வைப்பினம்" என்று கேட்டேனே, அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அவ்வளவுதான். இன்ரவியூவுக்கு வேறு திகதி கேட்டுப் பார்க்கச் சொல்லித் தம்பிக்குச் சொன்னேன். போனை வைத்துவிட்டான்.

ஜூன் 29, கிளிநொச்சி

வள்ளத்துக்குப் போகக் காத்திருக்கிறோம். மழை. பெட்டியின் மேல் இருந்து எழுதுகிறேன்.

நாளை நடக்கப்போவது எனக்குத் தெரியும். படலையடியில் இராசமலர் நிற்பாள். என்னைக் கண்டதும் அழுவாள், அல்லது அழாமல் இருக்கப் பாடுபடுவாள். நான் வருவேன் என்று தனக்குத் தெரியும் என்பாள். சுடச்சுடப் புட்டு இருக்கும். என் அறையைக் கூட்டி விட்டிருப்பாள். நான் கடைசியாக அந்த நன்றியைச் சொல்லுவேன்.

ஜூன் 30, கொக்குவில்

நடந்தது இது.

படலையில் ஒருவரும் இல்லை. என் அறையில், என் கட்டிலில், தங்கமுத்து கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். இராசமலரின் ஒன்றுவிட்ட தங்கை. பண்டத்தரிப்பில் ஷெல் விழுந்து போன கிழமை வந்தவர்களாம். என் புத்தகங்கள் இரண்டு உரப்பைக்குள் வாய் கட்டி மூலையில் கிடந்தன.

கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்த இராசமலர் என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"ஏன் வந்தனீர்?"

நான் பெட்டியை இறக்கி வைத்தேன்.

"கட்டிலைக் குடுத்துப்போட்டன்" என்றாள், பிழை என்னுடையது போல. "உமக்கெண்டு சோறும் போடேல்லை."

பின்னேரம் கிறகோரி அண்ணை சைக்கிளைக் கவிழ்த்தார். உலகக் கிண்ணம் நடக்கிறது. முந்தைய ஆட்டங்களைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். இராசமலர் இத்தனை வருடத்தில் முதல்தடவையாக முற்றத்துக்கு வந்து நின்று கேட்டாள்: "என்ன சொல்லுறான்?"

சொன்னேன். பெரும்பாலும் பிடிபட்டது.

"ஆர் வெண்டது?"

"இன்னும் சொல்லேல்லை."

"அப்ப சுத்துங்கோவன், கிறகோரி அண்ணை. ஏன் நிக்கிறியள்?"

பிறகு ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி, அவளுடைய அறையில் எனக்குப் பாய் விரித்தோம். பாயை இழுக்கும்போது கதவுக்குப் பின்னால் ஒரு பை காலில் தட்டுப்பட்டது. மேலே துவாய். கீழே இரண்டு பருத்திச் சேலை, திருநீற்றுப் பொட்டலம், பிறஷர் குளிசை.

"ஆரின்ரை பை?"

"என்ரை."

"எங்கை போறதுக்கு?"

"பாஸ் இண்டையோடை முடியுதெல்லே. கூப்பிடுவினம். அங்கை மாத்துச் சேலை ஆர் தருவினம்?"

"எப்ப அடுக்கினனீர்?"

அவள் தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"உம்மடை பெட்டியை அடுக்கின அண்டைக்கு."

சேலைகளை எடுத்து அலுமாரியில் வைத்தேன். சுவெற்றரையும் வைத்தேன். குளிசையை அவளிடம் கொடுத்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.