நோன்பு மாதத்தில் எடுத்த கணக்கெடுப்பு

மே 14

சுகாதார நிலையக் கணக்கெடுப்புக்காக இன்று முப்பத்தொரு வீடு ஏறி இறங்கினேன். இந்த வீட்டில் யார் யார் புகை பிடிக்கிறீர்கள்? ஆண்கள் எல்லோருக்கும் ஒரே பதில். "நான் விட்டுட்டேம்மா." புகையிலை விளையும் எங்கள் தெமாங்குங் ஊரில் இத்தனை பேரா விட்டுவிட்டார்கள்? கால் வலி.

மே 15

மடச்சி நான்! நோன்பு மாதத்தில், பட்டப்பகலில் போய்க் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? நோன்பு திறக்கும் முரசு ஒலித்ததும் தண்ணீருக்கு முன்னால் தீப்பெட்டியைத்தான் தேடுகிறார்கள்.

என் கணவர் வர்தோயோ மட்டும் முரசுக்குப் பிறகும் தொடவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. இனி ஒன்றுகூடக் கூடாது, இடது நுரையீரல் பாதி போய்விட்டது என்று போன மாதம் டாக்டர் சொன்னதில் பயந்திருக்கிறார். பயப்படட்டும். எனக்கு அவர் வேண்டும்.

மே 29

மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம். "இவ்வளவு குறைஞ்சிருக்கே, சபாஷ்!" நோன்பு மாதம் சார் என்றேன். "வந்த கணக்கை அனுப்புங்கம்மா." அனுப்பிவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

ஜூன் 5, பெருநாள்

எல்லா வீட்டிலும் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸில் கிராம்புச் சிகரெட் நிற்கும். நான் இந்த வருஷம் வைக்கவில்லை. வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஊர்த்தலைவர் கர்சோனோ வரும்வரை.

"என்ன வர்தோயோ, பெருநாள் வந்தும் உன் வீட்ல நோன்பு முடியலியா? வீட்டுக்காரம்மா உத்தரவா?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குத் தாங்கவில்லை. நானே கடைக்கு ஓடிப்போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்து கிளாஸில் அடுக்கினேன். தலைவர் ஒன்றைப் பற்றவைத்தார், இன்னொன்றை இவரிடம் நீட்டினார். தலைவர் நீட்டியதை மறுத்துவிட்டு இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இவர் என்னைப் பார்த்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏண்டி, வாயத் தொறந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன ஆயிருக்கும்? — எனக்கும் மானம்தான் பெரிசாப் போச்சு.

ஜூன் 6

இவருக்கு இருமல்.

ஜூன் 9

பெருநாள் கூட்டம் ஓய்ந்துவிட்டது. கிளாஸை எடுக்கப் போனேன். "இருக்கட்டும் முர்தி, யாராச்சும் வருவாங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

காலையில் கிளாஸில் ஒன்பது இருந்தன. இப்போது ஆறு. இன்று நம் வீட்டுக்கு யாரும் வரவில்லை.